விறகுக் கொட்டகையில் புள்ளிகள்

ராய்லி துணி அலமாரிக்குள் பாதி உடம்பை நுழைத்து, கணவருடைய கோட்டு ஒன்றின் கையைப் பிடித்து இழுத்து, நிறம் சொல்லும் கருவியை அதன்மேல் வைத்து அழுத்தினாள்.

"அடர் சாம்பல்" என்றது கருவி.

பக்கத்தில் தொங்கியதையும் அழுத்தினாள். அதுவும் அடர் சாம்பல்தான். மூன்றாவதற்கு, "கருநீலம், அல்லது கறுப்பு" என்று இழுத்தது. எந்தக் கோட்டு சவப்பெட்டிக்குள் போகவேண்டுமோ அதில்தான் இந்தக் கருவிக்குச் சந்தேகம் வரும்.

"நான்தான் பாத்து எடுத்துத் தரேன்னு சொன்னேனே" என்றாள் பின்னாலிருந்து தெர்த்து. ராய்லியின் கணவர் கௌகோவின் அக்கா அவள். அடக்கத்துக்காக ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்து தங்கியிருந்தாள்.

"நீ எடுத்துக் குடுப்ப. எதை எடுத்தன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"என்னடி பேச்சு இது. செத்துப்போன தம்பிக்குப் பச்சைக் கோட்டா மாட்டி அனுப்பப்போறேன்?"

"கண்ணு தெரிஞ்சவங்க எல்லாம் என் நல்லதுக்குன்னு சொல்லிச் சொல்லியே பொய் சொல்லுவீங்க. நான் அதுக்குப் பழகினவ."

ராய்லியின் சந்தேகத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. போன இலையுதிர்காலத்தில் ஒரு ஞானஸ்நானத்துக்குப் புறப்படும்போது, இரண்டு கால் உறையும் ஒரே நிறம்தானே என்று கௌகோவிடம் கேட்டுவிட்டுத்தான் போட்டாள். ஒரே நிறம் என்றார். தேவாலயத்தில் பின்வரிசைப் பெண்கள் கிசுகிசுத்தது அவள் காதில் நன்றாகவே விழுந்தது. ஒன்று பழுப்பு, இன்னொன்று கறுப்பு. வீட்டுக்கு வந்து கேட்டதற்கு, "வெளிச்சம் சரியில்ல" என்றார் மனிதர். திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் சொல்லியிருக்கிறார் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். பெண்டாட்டியைத் திரும்பிப் பார்க்காத கண் வேறெங்கே போயிருக்கும் என்ற கேள்வி அப்போது முளைத்ததுதான்.

அதற்கப்புறம் எல்லாமே அந்தக் கேள்விக்குத்தான் தண்ணீர் ஊற்றின. கல்யாணமான நாள்முதல் காலைக் காபியோடு பேப்பரை உரக்கப் படித்துக்காட்டுகிறவர், அதில் ஒன்றுமே இல்லை என்று சந்தாவையே நிறுத்தினார். பெட்ரோல் விலையைத் திட்டிக்கொண்டே காரை விற்றார். ஒரு காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு சவுனா என்கிற நீராவிக் குளியலறைக்குள் போய் உட்கார்ந்தால் அரைமணி நேரம் சத்தமே இருக்காது. கையைத் தொட்டால், "விறகுச் சிலாம்பு குத்தியிருக்கு" என்று உருவிக்கொள்வார். செவ்வாய்க்கிழமை தவறாமல் ஊருக்குள் ஏதாவது ஒரு வேலை இருந்தது.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை, ஆணி வாங்கப் போகிறேன் என்று கிளம்பியவர் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். ஆணி விற்கும் கடை கயானி ஊரின் அந்தக் கோடியில். அவர் இறந்த நிறுத்தம் இந்தக் கோடியில். அதிலிருந்து இரண்டு கட்டடம் தள்ளி மைரேயின் வீடு.

மைரேயும் பார்வை இல்லாதவள்தான். கணவனை இழந்தவள். பார்வையற்றோர் சங்கக் கூட்டத்தில் அவள் சிரித்தால் தெருவரைக்கும் கேட்கும். முப்பது வருஷத் தோழி என்பதால் ராய்லிக்கு அவளைப் பற்றி எல்லாம் தெரியும், அல்லது தெரியும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

மருத்துவமனையிலிருந்து கௌகோவின் பொருள்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். சாவி, கைக்கடிகாரம், கைபேசி. செத்துக் கிடந்த கைபேசியை ராய்லி அன்றிரவே மின்சாரத்தில் செருகினாள். கொஞ்ச நேரத்தில் அது உயிர்பெற்று, "திரை... பூட்டப்பட்டுள்ளது" என்று பேசியது.

திரையில் இருப்பதை வாசிக்கும் அந்தக் குரல் அவளுக்குச் சொந்தக் குரல் மாதிரி. தினமும் காலையிலிருந்து படுக்கும்வரை அவள் காதில் ஓடுவது அதுதான், ஆனால் கொசு ரீங்கரிக்கிற வேகத்தில். பழகாத காதுக்கு அது மொழி என்றே தெரியாது. கௌகோவின் கைபேசியில் அதே குரல் குழந்தைக்குச் சோறூட்டுவதுபோல் நிதானமாக வந்தது. பார்வை உள்ள மனிதருடைய கைபேசி எதற்காகப் பேசவேண்டும்? பார்வை இல்லாத ஒருத்திக்காக இதைக் கற்றுக்கொண்டிருக்கிறார். அவள் கைபேசி மக்கர் செய்தால் சரிசெய்து கொடுக்க, அவளுக்கு வந்ததைப் படித்துக்காட்ட. பெண்டாட்டிக்குப் பேப்பர் படிக்க வாய் வலிக்கிறது, அங்கே போய் இது. கைபேசியை அணைத்துப் போட்டாள்.

மறுநாளே மைரே கூப்பிட்டாள். ஆறுதல் சொன்னாள், அழுதாள், மூக்கைச் சிந்தினாள். எல்லாம் முடிந்து, வைக்கப்போகும் நேரத்தில் கேட்டாள்.

"அவர் போன் உன்கிட்ட வந்துடுச்சா, ராய்லி?"

"ஏன் கேக்கற?"

"சும்மாதான். அங்கேயே விட்டுடப் போறாங்களேன்னு."

"வந்துடுச்சு. பத்திரமா இருக்கு" என்று சொல்லி ராய்லி வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு மைரே கூப்பிட்டபோதெல்லாம் எடுக்கவில்லை.

சங்கத்தின் கைபேசிக் குழுவில் எல்லாரும் துக்கம் விசாரித்து எழுதியிருந்தார்கள். அந்தக் குழுவை நடத்துகிறவளே ராய்லிதான். வியாழக்கிழமை தோறும் ஒரு குறிப்புப் போடுவாள். ஷாம்பு பாட்டிலுக்கு ரப்பர் வளையம் மாட்டு, அடுத்த பாட்டிலுக்கு மாட்டாதே. துவைக்கும் முன்பே கால் உறையை ஜோடியாக ஊக்கு குத்திவை. அடுப்புத் திருகில் அணைந்த இடத்தில் ஒரு ரப்பர் புள்ளி ஒட்டு, எல்லா இடத்திலும் ஒட்டினால் எதுவுமே தெரியாது. பஸ்ஸில் போகும்போது கைபேசித் திரையை இருட்டாக்கிவிடு, பக்கத்து சீட்டுக்காரன் உன் வங்கிக் கணக்கைப் படிக்க வேண்டாம். அதட்டுவாள், கிண்டல் செய்வாள், ஆனால் ராத்திரி கேட்டாலும் பதில் சொல்லுவாள்.

துக்கம் விசாரிக்காத ஒரே ஆள் ஓலவி. கூஹ்மோ ஊர்ப் பக்கத்துக்காரர், புதிதாகப் பார்வை போய்க்கொண்டிருக்கிறவர் என்று சொல்லி மைரே சேர்த்துவிட்ட ஆள். கூச்ச சுபாவம் என்று குரல்பதிவே அனுப்பமாட்டார். எழுத்தில்தான் கேட்பார், அதையும் கைபேசிக் குரல்தான் வாசிக்கும். குளிர்காலம் முழுவதும் கேள்வியாகக் கேட்டு அவள் உயிரை எடுத்தவர். சூடான காபியைச் சிந்தாமல் ஊற்றுவது எப்படி என்று கேட்டார். விரலை உள்ளே விட்டுப் பார்க்கிறேன், சுட்டுவிடுகிறது என்றார். "விரலை விடற வேலையெல்லாம் வேணாம்" என்று ராய்லி குரல்பதிவிலேயே அதட்டினாள். "கோப்பை விளிம்புல மாட்டற கீச்சுக் கருவி இருக்கு, காபி மேல வந்ததும் கத்தும். வாங்குங்க. புதுசா கண்ணு போனவங்களை நான் கையைப் பிடிச்சே சொல்லிடுவேன் தெரியுமா? இடது ஆள்காட்டி விரல் நுனி வெந்து காஞ்சு போயிருக்கும்." குழுவே சிரித்தது. அந்த ஓலவி கடைசியாகக் கேட்ட கேள்வி, வீட்டில் என்னை நம்பி இருக்கிறவர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்று. அது ஒரு திங்கட்கிழமை. காலையில் பதில் போடலாம் என்று விட்டாள். அந்தக் காலைதான் கௌகோ ஆணி வாங்கப் போனது. இவ்வளவு சொல்லிக்கொடுத்திருக்கிறோம், ஒரு வார்த்தை விசாரிக்கத் தோன்றவில்லை பார் அந்த ஆளுக்கு என்று ராய்லிக்கு எரிச்சலாக இருந்தது.

கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தபோது தெர்த்து விறகு எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"வீட்டுக்குள்ளதான் அங்கங்க புள்ளி ஒட்டி வச்சிருக்கன்னு பாத்தா, விறகுக் கொட்டகையையும் விடலியா நீ?"

ராய்லியின் கை நின்றது. "கொட்டகையிலயா?"

"ரம்பத்து சுவிட்சுல ஒண்ணு, மண்ணெண்ணெய் கேன்ல ஒண்ணு, அலமாரி விளிம்புல வரிசையா. நீ எதுக்குடி ரம்பத்தைத் தொடற?"

ராய்லி கொட்டகைக்குள் கால் வைத்து வருஷங்கள் ஆகின்றன. அது கௌகோவின் இடம். கம்பளிச் சட்டையோடு முற்றத்தைத் தாண்டினாள். பனி உருகிய சேறு செருப்புக்குள் ஏறியது. கதவுக்கு உள்பக்கம் கையை வைத்த இடத்திலேயே ஒரு புள்ளி. அவளுடைய டப்பாவில் இருக்கும் அதே ரப்பர் புள்ளி. டப்பாவில் சீக்கிரம் சீக்கிரமாகக் குறைகிறதே என்று ஜனவரியில் நினைத்தது ஞாபகம் வந்தது.

ஆக, மைரே வந்திருக்கிறாள். ராய்லி வெளியே போயிருந்த நேரம் பார்த்து, அவள் வீட்டுக் கொட்டகைக்கே வந்திருக்கிறாள். வருகிறவளுக்கு வசதியாக இருக்கட்டும் என்று மனிதர் வழிநெடுக ஒட்டிவைத்திருக்கிறார், அதுவும் பெண்டாட்டியின் டப்பாவிலிருந்து எடுத்து. ரம்பம் எதற்கு மைரேக்கு என்று மனசின் ஒரு மூலை கேட்டது. அந்த மூலையை அவள் பேசவிடவில்லை.

உள்ளே வந்து கௌகோவின் கைபேசியை மறுபடி உயிர்ப்பித்துத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். அது விரல் வைத்தால்தான் திறக்கும். அந்த விரல் இன்றைக்கு ஒருநாள்தான் கிடைக்கும். நாளைக்கு மண்ணுக்குள் போய்விடும்.

மருத்துவமனையை ஒட்டிய சிறு தேவாலய அறையில் கௌகோவுக்கு உடுத்தி, பெட்டியில் படுக்கவைத்திருந்தார்கள். அறை ஜில்லென்று இருந்தது. மெழுகுவர்த்தி எரியும் வாசனை வந்தது.

"கோட்டு என்ன நிறம்?" என்று ராய்லி பணியாளரைக் கேட்டாள்.

"கறுப்புங்க" என்றார் அவர்.

"நீலம்" என்றாள் தெர்த்து அதே நேரத்தில்.

"கண்ணு இருக்கறவங்க லட்சணம் இதுதான்" என்றாள் ராய்லி. "என்னைக் கொஞ்ச நேரம் தனியா விடுங்க."

"அழணும்னா அழு. நானும் கூட இருந்து அழறேன்" என்றாள் தெர்த்து.

"நீ வெளிய போய் அழு."

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ராய்லி பெட்டியின் விளிம்பைத் தடவி, கோட்டின் கையைப் பிடித்து, அதன் வழியே கீழே போய் அவர் கைகளைக் கண்டுபிடித்தாள். மார்பின்மேல் கோத்து வைத்திருந்தார்கள். அவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. செய்வது அசிங்கம் என்று தெரிந்தது. கைபேசியை எடுத்து, வலது கட்டை விரலை விடுவித்து, அதன் பொத்தானில் வைத்து அழுத்தினாள்.

"விரல்... பொருந்தவில்லை" என்றது குரல், சாவகாசமாக.

"எனக்கும்தான் நீங்க பொருந்தல" என்று அவள் பல்லைக் கடித்தாள். "எத்தனை நாளா, கௌகோ? அவ சிரிப்பு அவ்வளவு பிடிச்சுதா?"

வலது ஆள்காட்டி விரலை வைத்தாள். பொருந்தவில்லை. பிறகு இடது கையை விடுவித்தாள். கட்டை விரலை வைத்தாள். பொருந்தவில்லை, மீண்டும் முயல்க. ஆள்காட்டி விரலைப் பிடித்துக் கைபேசியின்மேல் கொண்டுபோனபோது அவள் விரல் அதன் நுனியில் பட்டது.

நுனி மொரமொரவென்று இருந்தது. தோல் வெந்து, உரிந்து, காய்ந்து, அதன்மேலேயே மறுபடி வெந்து தடித்த இடம். சிலாம்பு குத்தினால் இப்படி ஆகாது. அவள் தன் இடது கையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவளுக்குப் பார்வை போன முதல் வருஷத்துத் தழும்பு இன்னும் அங்கே இருந்தது, வழுவழுவென்று, அதே இடத்தில்.

கைபேசி பெட்டிக்குள் அவர் மார்பின்மேல் விழுந்தது. அதை எடுக்க அவளுக்குத் தோன்றவில்லை. அந்த விரலை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பேப்பரில் ஒன்றுமில்லாமல் போகவில்லை. எழுத்துதான் போயிருக்கிறது. வெளிச்சம் சரியில்லை என்று அவர் சொன்னது கால் உறைக்காகச் சொன்ன சாக்கே இல்லை. அந்தப் புள்ளிகளை ஒட்டியவர், ரம்பத்தை இருட்டில் தடவித் தடவி ஓட்டியவர், அவள் எழுந்துவருவதற்கு முன் அடுக்களையில் நின்று கோப்பைக்குள் விரலை விட்டு, சுட்டதும் சத்தம் போடாமல் கையை உதறியவர், எல்லாம் அவரேதான். கீச்சுக் கருவி அவள் பக்கத்து இழுப்பறையிலேயே இருந்தது. அதை எடுத்து மாட்டினால் அது கத்தியிருக்கும். அவளுக்குக் கேட்டிருக்கும்.

"மடையா" என்றாள் ராய்லி. "இப்படியா பண்ணுவாங்க?"

அப்போதுதான் அழுதாள். வெளியிலிருந்து தெர்த்து கதவை லேசாகத் திறந்து, கேட்டுவிட்டு, மறுபடி சாத்தினாள்.

வாசல் பெஞ்சில் உட்கார்ந்து ராய்லி மைரேயைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தாள் மைரே.

"ஏன் அவர் போன் அவ்வளவு மெதுவா பேசுது?" என்று கேட்டாள் ராய்லி.

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"வேகத்தைக் கூட்ட விடமாட்டாரு" என்றாள் மைரே. "புரியற மாதிரி சொல்லட்டும், எனக்கு என்ன அவசரம்பாரு."

"ஓலவி யாரு?"

"உனக்குத்தான் தெரிஞ்சுபோச்சே."

"நீ வாயால சொல்லு."

"அவர்தான். நேரா கேட்டா கண்டுபிடிச்சிடுவன்னு அப்படிக் கேட்டாரு. நான் சொல்லிக் குடுத்ததை விட நீ சொன்னதைத்தான் நம்புவாரு. ராய்லிக்குத் தெரியும்பாரு, எதைச் சொன்னாலும்."

"முழுசா போயிடுச்சா?"

"ஓரமெல்லாம் போயி நடுவுல கொஞ்சம் இருந்துச்சு. டாக்டரு அதுவும் நிக்காதுன்னுட்டாரு."

"எனக்கு ஏன் சொல்லல, மைரே? உலகத்துல வேற யாருக்குச் சொல்லலைன்னாலும் எனக்குச் சொல்லலாமே. நான் என்ன, பயந்துடுவேனா?"

"நீதான் ஊருக்கெல்லாம் சொல்லுவியே. எங்க வீட்டுல ஒரு ஜோடிக் கண்ணு இருக்கு, அதுவும் முதல்தரமான கண்ணுன்னு. அதைக் கெடுக்கக் கூடாதாம் அவருக்கு. ஒவ்வொரு செவ்வாயும் இங்க வந்து கத்துக்கிட்டு, இன்னைக்குச் சொல்லிடறேன்னுட்டுத்தான் கிளம்புவாரு. அன்னைக்கும் அப்படித்தான் சொன்னாரு. நிஜமா சொல்லியிருப்பாரான்னு எனக்குத் தெரியாது."

ராய்லி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நான் உன்னைத் தப்பா நினைச்சுட்டேன்."

"தெரியும். போனைப் பத்திக் கேட்டதும் உன் குரல் போன போக்குலயே தெரியும். எனக்கு என்னடி, இந்த வயசுல அப்படி ஒரு சந்தேகம் என்மேல வந்துச்சேன்னு கொஞ்சம் சந்தோஷம்தான்."

"நாளைக்கு வருவியா?"

"பஸ்ஸெல்லாம் விசாரிச்சு வச்சிருக்கேன். நீ வராதன்னு சொன்னாலும் வந்திருப்பேன்."

வீட்டுக்கு வந்ததும் தெர்த்து அடுப்பைப் பற்றவைத்து, காபி போட்டு, ஏலக்காய் ரொட்டியை வெட்டி மேசையில் வைத்தாள். பெட்டியிலிருந்து எடுத்துவந்த கைபேசியை அவளே அந்தப் பிளாஸ்டிக் பையில் போட்டு வாசல் பக்கத்து ஆணியில் மாட்டினாள். ஏன் என்று எதுவும் கேட்கவில்லை. ராய்லி மேசையில் உட்கார்ந்து தன் கைபேசியை எடுத்தாள். கொசு ரீங்காரத்தில் துக்க விசாரணைகளையெல்லாம் தள்ளித் தள்ளி மேலே போய், ஓலவியின் கடைசிக் கேள்வியில் நின்றாள். அதைக் கேட்டாள். இன்னொரு முறை கேட்டாள். பிறகு அதற்குப் பதிலை, குழுவுக்கு இல்லாமல் ஓலவிக்கு மட்டும் என்று, எழுத ஆரம்பித்தாள். எழுதி, அழித்து, மறுபடி எழுதி அனுப்பினாள்.

வாசல் பக்கமிருந்து, ஆணியில் தொங்கிய பைக்குள்ளே, குரல் கிளம்பியது.

"ராய்லியிடமிருந்து... ஓலவிக்கு."

தெர்த்துவின் கையில் காபிக் கெண்டி அப்படியே நின்றது. "யாரு பேசறது அங்க?"

"மேசையில்... உட்கார்ந்து... சொல்லுங்கள். காபி... ஆறுவதற்குள்... சொல்லுங்கள். அவள்..."

"அதை நிறுத்திடவா, ராய்லி?"

"வேணாம். படிக்கட்டும்."

"அவள்... திட்டுவாள். திட்டி முடித்துவிட்டு... இழுப்பறையில்... இருக்கும்... கீச்சுக் கருவியை... எடுத்து..."

ராய்லிக்கு அது கொடுமையான நிதானமாக இருந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் ஒரு வாய் காபி குடித்துவிடலாம். அவள் கோப்பையைத் தொடவில்லை. தலையைக் குரல் வந்த பக்கம் திருப்பி, அது முடியும்வரை உட்கார்ந்திருந்தாள்.